கெசையாவுக்கு ஓர் அறை

வெர்னா பிரூடனுக்கு எழுபது வயசு. கல்யாணம் ஆகவில்லை. வட கரோலினாவில் அண்ணன் ஹார்லன் வீட்டுப் பின்பக்க அறைதான் அவளுக்கு எல்லாம். அவள் சாகும்வரை அந்த அறை அவளுக்கே என்று அண்ணன் தன் உயிலில் எழுதியிருந்தார். ஆயுசில் பாதியை அவள் கோர்ட்டு ஆவண அறையில் செத்தவர்களின் உயில்களைப் புரட்டியே தீர்த்தாள். என்ன பைத்தியமோ, விடவில்லை.

ஹார்லனுக்கு நுரையீரலில் புற்று. டாக்டர் கையை விரித்துவிட்டார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டைபோட்ட ஓபடையா பிரூடனின் வாரிசு என்று தன் கல்லறையில் ஒரு பித்தளைப் பட்டயம் வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. பட்டயம் கொடுக்கும் சங்கமோ முறையான கல்யாணத்தில் வந்த வாரிசுகளை மட்டுமே சேர்க்கும்.

கெசையா அஸ்க்யூவைக் கட்டிக்கொள்வதாக ஓபடையா 1785இல் எழுதிக்கொடுத்த பத்திரம் வெர்னாவிடம் இருந்தது. முப்பது வருஷமாக அதையே கல்யாணம் என்று நம்பிவிட்டாள். எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டாமல் ஓடினவர்கள் எத்தனையோ பேர். வம்சம் தேடி வந்த ஊராருக்கெல்லாம் இதைச் சொல்லி எச்சரித்தவள், சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டாள்.

சங்கம் இன்னொரு சான்று கேட்டது. தேடியபோது கெசையாவின் அப்பா 1789இல் எழுதிய உயில் அகப்பட்டது. 'என் மகள் கெசையா அஸ்க்யூவுக்கு ஒரு பசுவும், கல்யாணம் ஆகும்வரை என் வீட்டில் ஓர் அறையும். அவள் பிள்ளை ஓபடையாவுக்கு ஒரு கன்று.' அப்படியானால் கல்யாணமே நடக்கவில்லை; அப்பன் பெயரையே வைத்த அந்தப் பிள்ளையின் வழியில் வந்தவர்கள்தான் வெர்னாவும் அண்ணனும்.

அன்று சாயங்காலமே அண்ணனுக்கு அதைப் படித்துக்காட்டினாள்.

"முப்பது வருஷம் தூசியத் தின்னு கடசில இதத்தான் கண்டுபிடிச்சியா?" என்றார். "சரி, வேற சான்று கெடைக்கல, பத்திரத்தையே ஏத்துக்குங்கன்னு சங்கத்துக்கு எழுது. உயில் கெடச்சது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ணே."

"சாகப்போறவன் கேக்குறேன் வெர்னா."

"அந்தப் பொண்ணு பிள்ளையோட அப்பன் வீட்ல ஒண்டிக் கெடந்திருக்கா. அவள மறைச்சு எழுத என்னால முடியாதுண்ணே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவளிடம் பேசவில்லை. பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். பட்டயம் இல்லாமலே கல் நட்டார்கள்.

அடக்கம் முடிந்து சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகன் ராய்ஸ் ஒரு உறையோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"அத்தை, அப்பா உயில மாத்திட்டாரு. உங்க அறையப் பத்தின வரி இதுல இல்ல. கோடை வரைக்கும் இருங்க, அவசரமில்ல."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பிரித்தாள். பழக்கதோஷம், முதலில் தேதியைத்தான் பார்த்தாள். அவள் படித்துக்காட்டியதற்கு மறுநாள்.