ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

மார்த்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சங்கரன்கோவிலில் தறிக்காரர்கள் இருக்கும் தெருக்களில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பதும், அரசாங்க மாத்திரையைக் கொடுத்து "மறக்காமப் போடுங்க, உப்பைக் குறைங்க, தண்ணி நெறயக் குடிங்க" என்று சொல்வதும் அவள் வேலை. நான்கு வருடமாகச் சொல்கிறாள். தூக்கத்தில்கூட அதைத்தான் முணுமுணுக்கிறாய் என்று புருஷன் கேலி செய்வார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். எதிரில் தலையை ஆட்டுவார்கள்; மாத்திரை அட்டை அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும். அவளுக்கும் அலுத்துவிட்டது.

கோமதித்தாய் மட்டும் அப்படி இல்லை. இசக்கித்துரையின் தறி ஷெட்டில் நூல் சுற்றிக் கொடுக்கிறவள், நாற்பத்தெட்டு வயது. அவளுடைய அம்மா ஐம்பது வயதில் பிரஷர் ஏறி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஏழு வருடம் படுக்கையில் கிடந்து செத்தாள். அந்தப் பயம் மகளுக்கு உண்டு. மார்த்தாள் எப்போது பார்த்தாலும் அவளுடைய பிரஷர் சொல்லிவைத்தாற்போல அளவோடு இருக்கும். வார நாட்களில் அந்தத் தெருவில் வீடெல்லாம் பூட்டிக் கிடப்பதால், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்ததும் மார்த்தாள் நேராக அங்கே போய்விடுவாள். ஓய்வு நாளைத் தொலைத்ததற்கு இந்த ஒருத்தியாவது பலன் என்று நினைத்துக்கொள்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம். அதனால் செவ்வாய்க்கிழமை ஷெட்டுக்கே போனாள். கோமதித்தாயை வாசலில் உட்காரவைத்துப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு. மெஷின்மேல் சந்தேகம் வந்து, அடுத்த கையில் பார்த்தாள். அதுவும் நூற்றுத் தொண்ணூறு.

"ஏட்டி, மாத்திரை போட்டியா இல்லியா? உள்ளதச் சொல்லு."

"ஞாயித்துக்கெழம போட்டேனேக்கா."

"இன்னைக்கி?"

"வேல நாள்ல போட மாட்டேன். அதப் போட்டா அரமணிக்கொருக்க ஒண்ணுக்கு வருது. இங்கன கக்கூஸ் கெடையாது. ஆம்பளையாளுக சொவத்தோரம் ஒதுங்கிருதாவ. நாங்க காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். தண்ணியே குடிக்கிறதில்ல, பெறகு மாத்திரையை எங்கன போட?"

"அப்ப சாயங்காலம் போடு."

"எங்க காம்பவுண்டுல எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸுக்கா. ஒம்பது மணிக்கு வீட்டுக்காரம்மா பூட்டிருதா."

உள்ளே இன்னும் ஐந்து பெண்கள். அவர்களில் மாத்திரை வாங்குகிற எல்லோரும் இப்படித்தான் என்று தெரிந்தது. மார்த்தாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. நான்கு வருடமாக அவள் சந்தோஷப்பட்டு எழுதியதெல்லாம் லீவு நாள் பிரஷர். வாரத்தின் மற்ற ஆறு நாளும் கோமதித்தாய் தன் அம்மா போன வழியில்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க தெருத்தெருவா அலையுதீயளே, எங்கனக்கா போவீய?" என்று கேட்டாள் கோமதித்தாய். கிண்டலாகக் கேட்கவில்லை.

வேலைக்குக் கிளம்பினால் மார்த்தாளும் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்ததோடு சரி. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அடிவயிறு கடுத்தது.

ஷெட்டை ஒட்டியே முதலாளி வீடு. போய்க் கதவைத் தட்டினாள். இசக்கித்துரை இல்லை, அவர் மனைவி சுமதி வந்தாள். ஷெட்டில் ஒரு கக்கூஸ் கட்டக் கூடாதா என்று மார்த்தாள் கேட்டாள்.

"முன்னாடி இருந்துச்சி நர்ஸம்மா. அந்த எடத்துலதான் இப்ப ரெண்டு தறி ஓடுது."

"அப்ப பகல்ல மட்டும், இந்த ஆறு பொம்பளைங்களும் உங்க வீட்டுல..."

சுமதி பதறிவிட்டாள். "அவளுகளயா? வீட்டுக்குள்ள எப்படி விட முடியும்? நீங்கன்னா வேற, நம்ம வீட்டாளு மாதிரி. ஒங்களுக்குப் போகணுமா? வாங்க, உள்ள வாங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள் மார்த்தாள். இரண்டு படி இறங்கவும் செய்தாள். அதற்குமேல் உடம்பு கேட்கவில்லை. மறுபடி ஏறி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தபோது கோமதித்தாய் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"போய்ட்டு வந்துட்டீயளாக்கா? நல்லதாப் போச்சி," என்றாள். "மொகமே வாடிப் போயிருந்துச்சி."

உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். மார்த்தாளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.