அரவங்காட்டிலிருந்து இத்தலார்: குறுக்கு வழியில் போன 3.4 கிலோமீட்டர்

கடந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் கம்பெனி ஆட்கள் எட்டுப் பேர் அரவங்காடு ரயில் நிலையத்திலிருந்து இத்தலார் வரை நடந்தோம். நீலகிரியில் இப்படி ஒரு நடைக்குத் திட்டமிடுகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. நடைப்பயணம் பற்றிப் பிறருக்குச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. தூரங்களை மட்டும் உறுதியாகச் சொல்வேன், அதுவும் இரண்டாம் தடவை கூட்டிப் பார்த்த பிறகு.

எங்களுடையது கோவையில் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி. முப்பத்து நான்கு வருடம் அதன் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். இத்தலாரில் நடக்க முடியாத குழந்தைகளுக்கான பகல் நேர மையம் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குழந்தைகளை அழைத்துவர அவர்களிடம் வண்டி இல்லை. எங்கள் முதலாளி ஒரு வேன் வாங்கித் தருவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு. கம்பெனி ஆட்கள் எட்டுப் பேர், ஒரே நாளில், மாலை ஐந்து மணிக்குள், இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து அந்த மையத்துக்குப் போக வேண்டும். ஒருவர் குறைந்தாலும், ஒரு கிலோமீட்டர் குறைந்தாலும் வேன் இல்லை. நடந்ததற்கான சான்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும். "அவர் போட்டா நான் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார். ஏழு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். எட்டாவது ஆள் யார் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

டிசம்பரிலேயே தனியாகப் போய் வழியை அளந்து வந்தேன். கம்பெனி ஸ்டோரிலிருந்து அளவுச் சக்கரம் ஒன்றை எடுத்துப்போய், இரண்டு நாள் சாலையோரமாக உருட்டினேன். அரவங்காட்டிலிருந்து கேத்திக்கு ஏழு, கேத்தியிலிருந்து லவ்டேலுக்கு ஐந்தரை, லவ்டேலிலிருந்து இத்தலார் மைய வாசலுக்குப் பன்னிரண்டரை. ஆக இருபத்தைந்து. நிம்மதியாகத் திரும்பினேன்.

நடை நாளன்று கோவையிலிருந்து வாடகை வேனில் காலை மூன்றேமுக்காலுக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் பேட்டா சேர்த்து 9,200 ரூபாய், தலைக்கு 1,150. மலையேறும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பதையும் இரண்டு பக்கத்தில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். எங்கள் மனிதவள மேலாளர் பிரவீன், வயது முப்பத்தொன்று, குழுவின் தலைவர், நாலு பெட்டி பாட்டிலோடு வந்து நின்றார். சோதனைச் சாவடியில் நாலையும் இறக்கிவிட்டார்கள்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது வரி. அதை நான் சொல்லவில்லை. எஃகு பாட்டில் நான் மட்டும் வைத்திருந்தேன். கேத்தி வரை எட்டுப் பேரும் அதில்தான் குடித்தோம்.

6.40-க்கு அரவங்காட்டில் நடக்கத் தொடங்கினோம். தொடங்கினோம் என்று சொல்வது சரியா தெரியவில்லை. முதல் அரை மணி நேரம் பேனர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். அளவுச் சக்கரத்தை உருட்டி வரக் கூடாது, படத்தில் நன்றாக இருக்காது என்று பிரவீன் சொன்னதால் அது வேனிலேயே தங்கியது. இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியும் குறிப்பேடும்தான் எனக்குத் துணை. என் ஒரு அடி அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.

அசெம்ப்ளி பிரிவு முருகேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங் சார், மிலிட்டரிக்காரராட்ட ஒரே அளவா வெக்கறீங்க. கல்லு தடுக்குனாலும் அதே அளவுதானுங்களா?"

கேத்திக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஸ்டெல்லா மேடம் சாலையை விட்டுக் கீழே இறங்கினார். ஸ்டோரில் வேலை செய்பவர், பிறந்து வளர்ந்தது கேத்தியில். "இப்படி வாங்க. ரோடு சும்மா சுத்திட்டுப் போகும். நாங்க சர்ச்சுக்கு இதுலதான் போவோம்."

மலைக்காரர்கள் யாருமே சாலையோடு நடப்பதில்லை. சாலை வண்டிக்கு, கால்வழி மனிதருக்கு. எல்லோரும் கைதட்டிக்கொண்டு இறங்கினார்கள். கேரட் பாத்திக்கும் முட்டைகோஸ் பாத்திக்கும் நடுவே ஒரு அடி அகலத்தில் வழி. பள்ளத்தில் ஓர் இயந்திரத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் நடக்க வந்திருப்பதே தூரத்துக்காக, தூரத்தைக் குறைத்தால் எப்படி என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் சேற்றில் கால் வைத்துவிட்டேன். கேத்தி போனபோது மணி 8.50. குறிப்பேட்டில் எழுதினேன்: 1.1 குறைவு.

கேத்தியில் இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்துத் தலைக்கு 70 ரூபாய். அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஸ்டெல்லா மேடத்தின் தம்பி வந்து எல்லோருக்கும் ஊட்டி வர்க்கி பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். அந்த மகிழ்ச்சியில் எப்படிச் சொல்வது?

லவ்டேலுக்குப் போகும்போது இரண்டாவது குறுக்கு வழி, தேயிலைத் தோட்டத்துக்குள். நடுவழியில் காட்டுமாடு ஒன்று குறுக்கே நின்றது. வேன் உயரம் இருக்கும். எங்களைப் பார்த்தபடி அசை போட்டது. சத்தம் போடக் கூடாது, ஓடக் கூடாது, அது போகும்வரை நாம் நிற்க வேண்டும் என்றார் ஸ்டெல்லா மேடம். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். சாலையோடு போயிருந்தால் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். குறுக்கு வழியில் போய்ப் பதின்மூன்று நிமிடத்தை இழந்த குழு நீலகிரியிலேயே நாங்களாகத்தான் இருப்போம். குறிப்பேட்டில்: 0.9 குறைவு.

லவ்டேலைத் தாண்டிய பிறகு யாரும் வழி காட்டவே தேவையில்லாமல் போயிற்று. எல்லோரும் ருசி கண்டுவிட்டார்கள். வளைவுக்கு வளைவு, "அக்கா, இங்க ஒண்ணும் இல்லையா?" என்று ஸ்டெல்லா மேடத்தைக் கேட்டார்கள். ஓரிடத்தில் பிரவீனே ஒன்றைக் கண்டுபிடித்து, வெற்றிக் களிப்போடு எங்களை இறக்கினார். 1.4 குறைவு. மூன்று தடவை வாய் திறந்து மூன்று தடவையும் மூடினேன். என் கருவியே பிழையாக இருக்குமோ, டிசம்பரில் சக்கரம் வழுக்கியிருக்குமோ என்றெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்து முடிப்பதற்குள் இத்தலார் வந்துவிட்டது.

மைய வாசலை அடைந்தபோது மணி 3.20. டீயும் சுண்டலும் வைத்துக் காத்திருந்தார்கள். முருகேசன் முதல் வேலையாக ஷூவைக் கழற்றி, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டார். பிரவீன் சான்றுத் தாளை அட்டையில் செருகி நீட்டினார். "ஒரு கையெழுத்து சார். போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிடலாம்."

பேனா மூடியைக் கழற்றினேன். "இருபத்தொண்ணு புள்ளி ஆறுதான் ஆகியிருக்கு" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

"சார், காலைல ஆறே முக்காலுல இருந்து நடக்கிறோம். யார் சார் பாக்கப் போறா?" என்றார் பிரவீன்.

"யாரும் பாக்க மாட்டாங்க. அதனாலதான் முதலாளி என்னைப் போடச் சொல்லியிருக்கார்."

முருகேசன் வாளியிலிருந்து தலை நிமிர்ந்தார். "நான் ஷூவைக் கழட்டிப்போட்டேனுங் சார். மறுக்கா போடோணும்னா எனக்கு வேற காலு குடுங்க."

ஸ்டெல்லா மேடத்துக்குத்தான் உண்மையிலேயே கோபம். "முதல் குறுக்கு வழியிலயே சொல்லியிருந்தா நான் ரோட்டுலயே கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? எழுதி வெச்சுக்கிட்டே வந்தீங்களா நீங்க?"

சொல்லியிருக்க வேண்டும். இன்று வரை அதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

மையத்தின் சமையலறையில் வேலை செய்யும் ராதா என்ற பெண், பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார். படுகர் பெண். அவருடைய மகள் ஹரிணியும் அங்கே வருகிறாள். பதினொரு வயது, நடக்க முடியாது. என்ன சண்டை என்று ஸ்டெல்லா மேடத்திடம் படுகு பேச்சில் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு தமிழில் எங்களிடம் சொன்னார்: "நடக்கணும்னா என்கூட வாங்களேன். நான் இப்ப ஊட்டுக்குத்தான் போறேன். மேல எங்க ஹட்டி." படுகர் ஊரை ஹட்டி என்பார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ரெண்டு கிலோமீட்டர் சொல்லுவாங்க. இவளத் தூக்கினா நாலு மாதிரி இருக்கும்."

எங்களுக்குக் குறைவது 3.4. போய்த் திரும்பினால் போதும். முருகேசன் முனகிக்கொண்டே ஷூவைத் தேடினார். 3.35-க்குக் கிளம்பினோம்.

ராதா ஒரு துணியால் மகளை முதுகோடு கட்டப் போனார். இளம் பொறியாளர் ஒருவர், நான் தூக்குகிறேன் அக்கா என்று முன்வந்தார். நூறு மீட்டர் போவதற்குள் ஹரிணி அறிவித்தாள்: "இந்த அண்ணா ரொம்ப ஆட்டுறாங்க. வேற ஆள்."

அடுத்து முருகேசன். "ம். இவரு பரவாயில்ல. ஆனா சத்தமா மூச்சு விடுறாரு."

"நீ எறங்கி என்னையத் தூக்கு கண்ணு, சத்தமே வராது" என்றார் அவர்.

பிரவீனும் தூக்கினார். இருநூற்றுப் பத்து மீட்டர். இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் படம் எடுக்கவில்லை. நான் முன்வந்தபோது ஹரிணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தாத்தா வேணாம். விழுந்துடுவாரு." அவளுடைய பையை என்னிடம் கொடுத்தாள்.

நல்ல தார்ச்சாலைதான். வேன் தாராளமாகப் போகும் என்று எண்ணிக்கொண்டே நடந்தேன். தண்ணீர்த் தொட்டி அருகே சாலை முடிந்தது. அதற்கு மேல் செங்குத்தான கல் படிகள், கைப்பிடி கிடையாது. உச்சியில் ஒரே வரிசையாக வீடுகள்.

"வேன் எது வரைக்கும் வரும்?" என்று கேட்டேன்.

"இது வரைக்கும்தான். மேல எப்பவும் நாந்தான்."

பிரவீன் அவரைப் பார்த்தார். "இதை ஏங்க முன்னாடியே யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே அண்ணா. சொன்னா, வண்டி வராத ஊருக்கு எதுக்கு வண்டின்னு நிறுத்திட்டா?"

ஹரிணியை வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு ராதா ஏறினார். அந்தப் படிகளில் அவளைத் தூக்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. நாங்கள் பின்னால் ஏறி, வீட்டு வாசல் வரை போய்த் திரும்பினோம்.

இறங்கும்போது ஒரு வளைவில் தேயிலைக்குள் நல்ல கால்வழி ஒன்று தெரிந்தது. ஸ்டெல்லா மேடம் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ரோட்டுலயே போறோம் சார். ரோட்டுலயே."

4.52-க்கு மைய வாசல். சான்றில் 25.4 கி.மீ. என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே குறிப்பு என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். எங்கள் பிரிவில் அதைக் காலியாக விட்டுப் பழக்கமில்லை. இரண்டு நிமிடம் தயங்கினேன். பிறகு எழுதினேன்: "ஒரு குழந்தையின் வீட்டுக்கு வேன் போகாது. கடைசியில் படிகள், எண்பத்தாறு." பிரவீன் படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். ராதா பயந்ததை நானே எழுதிக் கொடுத்துவிட்டேனோ என்று கோவை வந்து சேரும்வரை எனக்குச் சங்கடமாக இருந்தது.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார். "வேன் போகாதுன்னா அப்புறம் எதுக்கு வேன்?"

"ஒண்ணேமுக்கால் கிலோமீட்டருக்கு மேலயே போகுமுங்க. அந்தப் படிக்குத்தான் போகாது." தாளில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். "அந்தக் குழந்தையோட அம்மா முழுத் தூரமும் தூக்கிட்டு ஏறுறாங்க. தினமும்."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க நடந்து பாத்தீங்களா?"

"நடந்தேனுங்க."

"சரி, போங்க" என்றார். சரி என்றால் என்ன பொருள் என்று தெரியாமல் மூன்று வாரம் கழிந்தது. மார்ச்சில் வேன் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. படிகளுக்குக் கைப்பிடி வைக்க முருகேசன் கம்பெனிக் குழாயில் வெட்டிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். யாரிடம் அனுமதி வாங்குவது என்று பிரவீனும் ஊர்க்காரர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசி முடிகிற வழியாகத் தெரியவில்லை.

நடக்கப் போகிறவர்களுக்கு: ஜனவரியில் காலை ஒன்பது வரை குளிர் கடுமை, கையுறை வேண்டும். எஃகு பாட்டில் ஆளுக்கு ஒன்று. லவ்டேலுக்கும் இத்தலாருக்கும் நடுவில் டீக்கடைகளை நம்ப வேண்டாம், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டுமாடு நின்றால் காத்திருங்கள். உள்ளூர்க்காரர் குறுக்கு வழி காட்டினால், தூரம் முக்கியமென்றால், அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. நான் இரண்டு நாள் சக்கரம் உருட்டி அளந்தது மைய வாசல் வரைக்கும். நாங்கள் எதற்காக நடந்தோமோ அந்தச் சாலை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. யாருக்காக நடக்கிறீர்களோ அவர்கள் வீட்டு வாசலிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.

படிகளின் எண்ணிக்கையிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஏறும்போது எண்பத்தைந்து வந்தது, இறங்கும்போது எண்பத்தாறு. கூடுதலானதை எழுதிவிட்டேன். வேன் கொடுத்த அன்று ஹரிணியிடம் கேட்டுச் சரிபார்த்தேன். "எண்பத்தாறுதான் தாத்தா" என்றாள். "அம்மா எண்ணிக்கிட்டேதான் ஏறுவாங்க."