ஆர்ஃபா டிட்வெல்லின் இடது கை

மேற்கு டெக்சஸில் பருத்தி விளையும் ஹார்மன்வில் ஊரில் ஆர்ஃபா டிட்வெல் பாப்டிஸ்ட் கிறிஸ்தவராகப் பிறந்தார். போட்டிச் சபையான மெதடிஸ்டில் பிறக்கும் ஆபத்து தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்தது, நூலிழையில் தப்பினார். இளம் வயதில் சபையின் பியானோ ஸ்டூலில் அமர்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. கணவர், வறட்சி, உலகப்போர் எல்லாம் வந்து போயின. ஸ்டூல் மட்டும் நிலைத்தது.

1957இல் அதற்கும் கேடு வந்தது. பெண்கள் அழகு நிலையத்தில், முடி உலர்த்தும் சூடான கூண்டுக்குள் தலையை வைத்து அவர் உட்கார்ந்திருந்தபோது, ரேடியோவில் 'புழுதிப் பிசாசுகள்' என்ற ராக் அண்ட் ரோல் குழு பாடியது. பக்கத்து மாவட்டப் பையன்கள் நால்வர். பாட்டில் ஒரு பெண், ஒரு கார், கார் நிற்கவில்லை. தத்துவம் அவ்வளவே. ஆனால் அடியில் பியானோ குதிரை போல ஓடியது.

அன்றிலிருந்து ஆர்ஃபாவின் இடது கை ஓரிடத்தில் இருக்கவில்லை. பிசைந்த மாவில் தாளம் போட்டது. கார் ஸ்டியரிங்கில் போட்டது. கடைசியில் ஞானப்பாட்டிலும் புகுந்தது. நடனம் பாவம் என்ற அந்தச் சபையில், முதியோர் பெஞ்சில் சில இடுப்புகள் ஐயத்துக்குரிய விதத்தில் அசைந்தன.

சபை நிர்வாகத்தைப் பார்க்கும் டீக்கன் கிளீட்டஸ் பக்னர் வாசலில் மறித்தார்.

"ஏம்மா ஆர்ஃபா, இது சபையா, பீர் கடையா?"

"நான் என்ன செய்ய? கை தானா போகுது."

"தானா போறதுக்கு அது என்ன கன்னுக்குட்டியா? வர்ற ஞாயிறும் ஆடுச்சுன்னா ஸ்டூல் லாம்கின் அம்மாவுக்கு. பாஸ்டர்கிட்ட பேசியாச்சு."

அந்த வாரம் முழுக்க ஆர்ஃபாவுக்குத் தூக்கமில்லை. ஸ்டூல் போனால் மிச்சமிருப்பது காலி வீடும் ஒரு கையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து அழைப்புப் பாட்டு தொடங்கியது. பாவி ஒருவராவது எழுந்து முன்னால் வரும்வரை அது நிற்காது, சபை வழக்கம். ஆர்ஃபா இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வலது கை மட்டும் ஒற்றை மாட்டு வண்டியாக ஊர்ந்தது.

யாரும் வரவில்லை. மறுபடி முதல் சரணம்.

"ஒருத்தர் தயங்குறீங்க. எனக்குத் தெரியும்," என்றார் பாஸ்டர் விண்டம், கண்மூடி.

மறுபடி முதல் சரணம். ஜன்னலுக்கு வெளியே மெதடிஸ்டுகளின் கார்கள் சாப்பாட்டுக் கடையை நோக்கிக் கிளம்பின. பக்னர் முன்பெஞ்சிலிருந்து சாய்ந்தார்.

"கொஞ்சம் சூடா வாசியேன்மா. அவனுங்க கோழியெல்லாம் தின்னுருவானுங்க."

"ஒத்தக் கையில இவ்வளவுதான் வரும்."

"இன்னொண்ணு எங்கே?"

"அது மேலதான் உட்கார்ந்திருக்கேன். நீங்கதானே சொன்னீங்க."

பக்னர் பெருமூச்சு விட்டு எழுந்தார். தாமே முன்னால் நடந்தார்.

"என்ன பாவம், பிரதர்?" என்றார் பாஸ்டர்.

பக்னர் பாவம் எதையும் தயார் செய்திருக்கவில்லை. பசியில் உண்மை வந்துவிட்டது.

"மாட்டுக் கொட்டகையில ரேடியோ வெச்சிருக்கேன். அந்தப் பிசாசுப் பசங்க பாட்டுத்தான். பசு கூடுதலா கறக்குது, பாஸ்டர்."

பின்பெஞ்சிலிருந்து ஒரு விவசாயி பயபக்தியுடன் கேட்டார்: "எந்த ஸ்டேஷன்?"

பாஸ்டர் பக்னரைப் பார்த்தார். "அப்போ அந்த ஸ்டூல் விஷயம்?"

"நான் எந்த வாயால பேச? அவளே இருக்கட்டும்."

"ஆர்ஃபா, முடிவுப் பாட்டு வாசிம்மா."

ஆர்ஃபா இடது கையை வெளியே இழுத்தார். மரத்துப்போய் மடியில் கிடந்தது. கால் அதற்காகக் காத்திருக்கவில்லை. பியானோவின் மிதிகட்டையைத் தாளத்தோடு உதைக்கத் தொடங்கிவிட்டது.