கசப்பு நீர் தேடிப் போன இளவரசி

எங்கள் பக்கம் சர்க்கரை நோயை இனிப்பு நீர் என்றுதான் சொல்வோம். யார் வைத்த பெயரோ, கேட்டால் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்கத் தோன்றும். எனக்கு அது வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெடாஸ் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். காலையில் மாட்டும் பூட்ஸை மாலையில்தான் கழற்றுவேன். அதனால் வலது கால் கட்டை விரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருப்பது மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். மாத்திரை இனிமேல் போதாது, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதோடும் நிற்காது. ஊசிப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்து, பையில் போட்டும் தந்தார். அதை ஐஸ்பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்ததோடு சரி.

என் அப்பாவும் ஊசி போட ஆரம்பித்தவர்தான். ஆறாம் மாதம் போய்விட்டார். ஊசியைத் தொட்டால் அவ்வளவுதான் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். "மாமா ஊசி போட்டதால போகலைங்க, லேட்டா போட்டதாலதான் போனாரு" என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள். அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் லாரி டயரைப் பார்க்கப் போய்விடுவேன். பயமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது, கோபம்தான் வரும். அந்த இரண்டு மாதமும் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தேன். பிள்ளை முன்னால்கூட.

மகள் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்தக் கதை சொல்லலாம் என்றதும் அவளே எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் பிழை திருத்தி, முடிவை மட்டும் தாமே எழுதிக் கொடுத்தாராம். எங்களிடம் சொல்லிக் காட்டச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டாள். குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி பயிற்சி எடுத்தாள்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை, வேறொரு பள்ளி மண்டபத்தில். மனைவிக்குச் செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட், ஆகவே நான்தான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். கதைக்காகச் செய்த அட்டைக் கிரீடத்துக்கு மேல் ஹெல்மெட் ஏறாது. கிரீடத்தை நசுங்காமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"நேர்மைமிகு நீதிபதிகளே, மணிக் காப்பாளரே" என்று எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் தொடங்கினாள். ஒரு ராஜா காட்டில் தாகம் எடுத்து, இனிப்பு நீர் ஊற்றில் வாய் வைத்துக் குடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருடைய கால் கட்டை விரல் கல்லாக மாறத் தொடங்கியது.

நான் காலில் மாட்டியிருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தேன். எப்போது பார்த்தாளோ தெரியவில்லை.

இனிப்பு நீரை முறிக்கக் கசப்பு நீர் வேண்டும், அது ஏழு மலைக்கு அப்பால் இருக்கிறது. தளபதிக்குக் காய்ச்சல், மந்திரிக்கு இடுப்பு வலி. இளவரசி தானே மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் மலையிலேயே பெட்ரோல் தீர்ந்துபோய் நடந்தாள். மூன்றாவது மலையில் ராஜநாகம் படம் எடுத்தது. "ஓரமா போ லா, எங்கப்பாவுக்கு நேரமாச்சு" என்று அதட்டினாள். சபை சிரித்தது. ஏழாவது மலையில் இருந்த அரக்கன், "உன் சிரிப்பைக் கொடு, கசப்பு நீரைத் தருகிறேன்" என்றான். கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"இளவரசி கசப்பு நீரை ராஜாவிடம் கொடுத்தாள். ராஜா வாங்கினார். ஐஸ்பெட்டியைத் திறந்தார். முட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். மூடிவிட்டார்."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. அரண்மனையில் ஐஸ்பெட்டி! நீதிபதி ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. டீச்சர் ஓரத்தில் நின்று உதட்டை அசைத்து அசைத்துக் காட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேரம் முடிந்து மணி அடித்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள். பரிசு கிடைக்கவில்லை.

மோட்டாரை எடுக்கும்போது, "கடைசியில மறந்துட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"மறக்கலப்பா. ராஜா குடிச்சாரு, காலு நல்லாயிருச்சு, எல்லாரும் சந்தோசமா இருந்தாங்கன்னு டீச்சர் எழுதிக் குடுத்தாங்க. மனப்பாடமா தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அவருதான் இன்னும் குடிக்கலையே. அவ்ளோ பேர் முன்னால எப்படிப்பா பொய் சொல்றது?"

ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். பெடாஸ் வரும்வரை அழுதேன். அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை மேடையில் வாயடைத்து நின்றது என்னால்தான்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய், இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று டாக்டரம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. நகம் போய்விட்டது, விரல் இருக்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே, சோறு போடுவதற்கு முன்னால், ஐஸ்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்துவிட்டேன். மகள் கிரீடத்தை மாட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மிஸ்ஸி சொன்னபடி வயிற்றுச் சதையைப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினேன். கொசு கடித்த அளவுகூட இல்லை.

அவள் குனிந்து என் வயிற்றைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதாம்மா."

"இதுக்கா நான் ஏழு மலை ஏறுனேன்?" என்று கேட்டுவிட்டு, கிரீடம் கழன்று விழும்படி சிரித்தாள்.