சீட்டுல நான் போட்ட கோடு

ஊசியோட வர்றவன எந்த வீட்லயும் யாரும் சிரிச்சிகினு வரவேத்ததே இல்ல.

காலேஜுக்கு ரெண்டாவது வருசமே டாட்டா காட்டிட்டு, தொண்ணூறுகள்ல மயிலாப்பூர்ல ஒரு ரத்த லேப்ல சேந்தேன். ஐஸ் பெட்டிய மொபெட்ல கட்டிகினு தி.நகர், அடையார்னு சுத்தி ரத்தம் எடுக்கறது வேலை. நீங்களும் கைய நீட்டிட்டு மூஞ்சத் திருப்பிகினு, "பாத்துப்பா, பாத்துப்பா"ன்னு கத்தினவங்கதான? அப்ப நம்மாளுங்கதான். கேளுங்க.

கத்தாத ஆளு

தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடை. பட்டு செக்‌ஷன்ல ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கம். கண்ண மூடிகினு ரெண்டு விரலால பொடவையத் தேச்சே, சுத்தப் பட்டா கலப்படமான்னு சொல்லிடுவாரு. கடைக்கே அவரு விரல்தான் பேரு வாங்கிக் குடுத்துது.

கால் மரத்துப் போவுதுன்னாரு. சுகர் பாக்க என்னக் கூப்ட்டாங்க. அங்க மெத்த மேல வெறுங்கால்லதான் நின்னு பொடவை விரிக்கணும். ரத்தம் எடுத்துட்டுக் குனிஞ்சா, உள்ளங்கால்ல பொடவை குண்டூசி, கொண்ட வரைக்கும் எறங்கி கீது! மனுசன் அசரவே இல்ல. நான்தான் புடுங்கினேன். குனிஞ்சு பாத்துட்டு சொன்னாரு:

"ஏ தம்பி, ஊசி குத்துறதுதான உன் வேல, புடுங்கவுமா செய்வ?"

சுகர் இல்லாத சுகர்

சுகர் நார்மல். மூணு மாசம் கழிச்சிப் பாத்தா, அப்பவும் நார்மல். ஆனா கால் மரத்தா அது சுகர்தான்னு நம்மூர்ல சட்டம் கீதே! கடையில அவரு டீக்கு சர்க்கரைய நிறுத்திட்டாங்க. காலங்காத்தால பாவக்கா ஜூஸு வேற. நாலாவது தடவ நான் போறப்ப டம்ளர வெச்சிகினு பொலம்பினாரு:

"ரிப்போர்ட்டுலயும் சர்க்கர இல்லங்கான், டீயிலயும் சர்க்கர இல்லங்கான், அப்பொ என் சர்க்கரைய எவம்ல திங்கான்?"

வாய்ல நுழையாத டெஸ்ட்டு

கடைசில அடையார்ல ஒரு நரம்பு டாக்டரம்மா கிட்ட போனாரு. அவங்க சீட்டுல மூணு டெஸ்ட்டு எழுதினாங்க. மூணாவது, புரோட்டீன் எலக்ட்ரோஃபோரசிஸ். ரத்தத்துல கீற புரோட்டீனத் தனித்தனியாப் பிரிச்சிப் பாக்கறது.

எங்க லேப்ல அது கெடையாது. கெடையாதுன்னு சொன்னா கஸ்டமர் வேற லேபுக்குப் பூடுவாரு. அதனால எங்க பழக்கம் இன்னான்னா, டாக்டர் சீட்டுலயே அந்த வரிய அடிச்சிட்டு, நம்ம கிட்ட கீறது ஒண்ண எழுதிக்கறது. நானும் பாட்டு பாடிகினே கோடு போட்டேன். பக்கத்துல "சுகர்"னு எழுதினேன். மூணுமே நார்மல்னு ரிப்போர்ட் போச்சு. அந்த சந்தோசத்துல அண்ணாச்சி டாக்டரம்மா பக்கமே திரும்பிப் போவல.

மனசு உறுத்தி, அந்த டெஸ்ட்ட வெளிய குடுத்தாவது பண்ணலாமான்னு மொதலாளியக் கேட்டேன். அவரு பேப்பர மடிக்காமயே சொன்னாரு:

"பேரே வாய்ல நுழையல, அதப் பண்ணி எவன்டா பொழைச்சிருக்கான்?"

எட்டு மாசம்

எட்டு மாசத்துல மரப்பு கை விரலுக்கும் ஏறிடுச்சு. செருப்பு கழண்டது தெரியாம, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒத்தச் செருப்போட நடந்திருக்காரு. திரும்ப அதே டாக்டரம்மா.

இந்தத் தடவ ரத்தம் வெளிய ஒரு பெரிய லேபுக்குப் போச்சு. ரிப்போர்ட் வந்ததும் எங்க லேப் ஆள வரச் சொன்னாங்க, நான் போனேன். நோயத் தொரத்த ஒடம்பு செய்யற புரோட்டீனு, அதுல ஒரே வகை மட்டும் கண்டமேனிக்குப் பெருகி, நரம்பு மேல கீற உறைய அரிச்சிகினு கீதாம். நம்ம வெச்ச வாட்ச்மேனே கதவ ஒடச்சி உள்ள பூந்தா மாதிரி. மருந்து குடுத்தா மேல பரவாம நிறுத்தப் பாக்கலாம், போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்ளோ போயிருக்காதாம். அப்பறம் பழைய சீட்ட மேசைல விரிச்சி, என்னப் பாத்துக் கேட்டாங்க:

"யாருப்பா இந்தக் கோடு போட்டது?"

ரெண்டு பொடவை

மொபெட்ட எடுத்துகினு கெளம்பிட்டேன். மறுநாள் கடைக்கே போனேன். கலப்படத்த சுத்தப் பட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாருன்னு, அவர பட்டு செக்‌ஷன்லருந்து தூக்கி வாசல்ல கும்புடு போட நிக்க வெச்சிருந்தாங்க. "அண்ணாச்சி, அந்தக் கோடு போட்டது நான்தான்"ன்னேன். அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

என் மணிக்கட்டப் புடிச்சி உள்ள இட்டுகினு போனாரு. மெத்த மேல ரெண்டு பொடவை கெடந்துது. ரெண்டையும் மாத்தி மாத்தித் தேச்சிப் பாத்தாரு, ரொம்ப நேரம். அப்பறம் என் கைய எடுத்து அது மேல வெச்சாரு:

"எது பட்டுன்னு நீயே சொல்லுல, உன் விரலுக்குத்தான் ஒண்ணும் ஆகலைல்லா."

அன்னிக்கே வேலைய உட்டுட்டேன், ஆனா 'இங்கு எல்லா டெஸ்ட்டும் செய்யப்படும்'னு எங்க லேப் வாசல்ல போர்டு மட்டும் ஜம்முனு தொங்கிகினு இருந்துச்சு.