கண்ணுக்குத் தெரிந்த அளவு

சோபா ரிப்பேர்க்காரர் என்றுதான் அந்தத் தெருவில் அவரைச் சொல்வார்கள். கடைக்குள் நுழைந்தால் பசை வாசனை மூக்கில் ஏறும். துணி உரிக்கப்பட்ட நாற்காலிகள் எலும்புக்கூடுகளாக நிற்கும். நடுவே அவர், வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு குனிந்திருப்பார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டியே பழகிவிட்டதால், வாய் காலியாக இருக்கும்போதும் அதிகம் பேசமாட்டார்.

கல்யாணமான புதிதில், பொழுது சாய்ந்தால் மனைவி வெளியே வர மறுத்தாள். நாலு பேர் பார்க்கத் தன்னோடு நடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டார். ஒருநாள் மின்சாரம் போனது. ஜன்னலில் நிலா வெளிச்சம் இருந்தது. அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. அவள் தண்ணீர் ஊற்றினாள், தம்ளருக்குப் பக்கத்தில். மேஜையிலிருந்து வழிந்து அவர் மடி நனைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மாலைக்கண்ணுங்க," என்றாள் கடைசியில். "பொறந்ததுல இருந்தே. கூடவும் கூடாது, கொறையவும் கொறையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு வீட்ல மறைச்சுட்டாங்க."

"அப்ப என்மேல கோவம் இல்லையா?"

"உங்க மேல எனக்கென்ன கோவம்?"

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஈரத் துணியோடு உட்கார்ந்து இருவரும் சிரித்தார்கள்.

வருடங்கள் ஓடின. அவள் சலவைக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுவாள். ஒருநாள் படுக்கப்போகும்போது கேட்டாள்: "ஏங்க, நட்சத்திரம்னா எப்படி இருக்கும்?"

"புள்ளி புள்ளியா இருக்கும்."

"அது தெரியும். பாத்தா எப்படி இருக்கும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். சொல்ல வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வாடிக்கையாளர் தன் பழைய கேமராவை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு இவர் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போனார். விளக்குகள் எட்டாத இடம். முதலில் எடுத்ததெல்லாம் கோழி கிளறிய மாதிரி இருந்தது; கேமரா கொஞ்சம் அசைந்தாலும் நட்சத்திரம் புழுவாக நெளிந்தது. மெத்தைக்கு வெட்டும் ஃபோமில் கேமரா அளவுக்குக் குழி தோண்டி, அதைப் பாறைமேல் வைத்து, ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்துப் பழகினார். ஏரியில் அலை அடங்கிய ஒரு ராத்திரி, படம் அவர் கையில் சிக்கியது. வானம் முழுக்க வாரி இறைத்த மாதிரி நட்சத்திரங்கள், நடுவே ஊதாவும் பழுப்புமாக ஒரு புகைப்பட்டை, கீழே தண்ணீரில் அத்தனையும் இன்னொரு முறை.

பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டினார். அவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

"இதையா எல்லாரும் தெனம் பாக்குறீங்க?" என்றாள். "இதைப் பாத்துட்டு, மறுநாள் ஒண்ணும் நடக்காத மாதிரி எப்படிங்க வேலைக்குப் போறீங்க?"

அவர் பதிலை மென்று விழுங்கினார். பிறகு, "ம்" என்றார்.

அவளுடைய அண்ணன் டாக்ஸி ஓட்டுபவர். அடுத்த வாரம் வந்தவர், படத்தின் முன்னால் நின்று தாடையைச் சொறிந்தார். "மாப்ள, இது எந்த ஊரு வானம்? ராத்திரி பூரா வண்டி ஓட்டுறேன், என் கண்ணுல இப்படி ஒண்ணும் பட்டதில்லையே."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இனி மறைக்க வழியில்லை. கேமரா கண்ணை மூடாமல் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கும், மனுசக் கண்ணால் அது முடியாது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மச்சான் கேட்டதே இல்லை.

அண்ணன் போன பிறகு அவள் சொன்னாள்: "எனக்கு மட்டும் தெரியாததைக் காட்டுவீங்கன்னு பாத்தேன். யாருக்குமே தெரியாததைக் காட்டியிருக்கீங்க. இத்தனை நாளா எவ்வளவு இழந்துட்டேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன், தெரியுமா?"

அது அவரைச் சுருக்கென்று தைத்தது.

மறுபடி ஏரிக்குப் போனார். இந்த முறை கேமராவைத் தொடாமல் வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று அதுவரை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. புகைப்பட்டை மங்கலாக இருந்தது, நிறம் கிடையாது. சில நட்சத்திரங்கள் நேரே பார்த்தால் மறைந்தன, பக்கத்தில் பார்த்தால் வந்தன. ஷட்டர் நேரத்தைக் குறைப்பார், கேமராத் திரையில் படத்தைப் பார்ப்பார், தலை நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார், மறுபடி குறைப்பார். சரியாக வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

"அண்ணே, ஒரே இருட்டா இருக்கே, கொஞ்சம் ஏத்திடவா?" என்று கேட்டார் அச்சுக் கடைக்காரர்.

"வேணாம். அப்படியே போடுங்க."

அந்தப் படத்தை அவள் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். கறுப்பில் அங்கங்கே வெள்ளைப் பொட்டுகள். ஏரியில் இரண்டே இரண்டு.

"இவ்வளவுதானா?"

"என் கண்ணுக்கு இவ்வளவுதான்."

அவள் முகம் தெளிந்தது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா இதுக்காக ஒருத்தரும் வேலைக்குப் போகாம இருக்க மாட்டாங்க."

பளபளவென்றிருந்த முதல் படத்தை அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஏரிக்கு அவளும் போகிறாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத இருட்டில், தவளைச் சத்தம் கேட்டபடி நிற்பாள். எந்த நட்சத்திரம் எங்கே என்று அவள் விரலைப் பிடித்து அவர் காட்டுவார். அவள் அந்தப் பக்கமே பார்ப்பாள்.

போன தடவை மேகம் கவிந்துவிட்டது. அவர் பையைக் கட்டத் தொடங்கினார்.

"எடுக்கலையா?"

"மேகமா இருக்கு. எனக்கே ஒண்ணும் தெரியல."

"அப்ப அதை எடுங்க," என்றாள் அவள். "உங்க இருட்டும் என் இருட்டும் ஒண்ணுதானான்னு நான் பாக்கணும்."

அவர் ஃபோமைத் திரும்பப் பாறைமேல் வைத்தார்.