கிராப்பு வைத்ததும் வந்த பயம்

சென்ற தையில் நான் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தேன். அதுவரை மழித்து வந்த முன்தலையில், இரண்டு ஓரமும் முடி முளைக்கவே இல்லை. நோயென்று பயந்து, யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, எருமப்பட்டிச் சந்தையில் ஒரு தைலம் வாங்கித் தேய்த்தேன். விடிந்ததும் நெற்றி கொப்புளித்து, கண் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது. பார்வை போயிற்றென்றே நினைத்தேன். ஆஸ்பத்திரி மருந்தில் வீக்கம் வடிந்து, கண் பிழைத்தது.

பார்க்க வந்த அண்ணன் இன்னும் குடுமி வைத்திருப்பவர். காரணம் கேட்டுச் சிரித்தார். "அட தம்பி, எனக்கும் அங்க முளைச்சு வருசக்கணக்காச்சு. நம்மளப் பெத்த அய்யனுக்கும் அப்பிடித்தான். மழிக்கிற கத்தி சும்மா போயிட்டு வருது, யாருக்குத் தெரியுது?"

"ஏனுங்க, கண்ணாலத்தன்னிக்கு நான் பார்த்ததே மொட்டை நெத்திதானுங்களே!" என்றாள் என் மனைவி.

இப்போது உடம்பில் எது புதிதாகத் தெரிந்தாலும், வெட்கப்படாமல் முதலில் அண்ணனிடம் கேட்கிறேன். நெற்றியில் வெயில் உறைத்தால் துண்டு போட்டுக்கொள்கிறேன். தைலக்காரன் பக்கமே போவதில்லை.